வெல்வெட் மறுபடியும் பட்டியலில் முளைத்துவிட்டான்

மதிப்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, சோபா தைக்கிற உங்கள் மாப்பிள்ளை வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே வீடு நலம், தையல் மெஷின் நலம், உங்கள் தங்கை ரொம்ப ரொம்ப நலம். நான் மட்டும் நலமில்லை. காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, பொறாமை. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும், மொட்டை மாடியில் நீங்கள் நட்டு வைத்திருக்கிற அந்த ஆன்டெனாவும் சாயாமல் நிமிர்ந்து நிற்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லாமல் இதென்ன புதுசாகக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் மூன்றாவது வரியிலேயே நீங்கள் சிரித்துவிடுவீர்கள், அப்புறம் உங்கள் தங்கைக்கும் சேதியைத் தட்டி விடுவீர்கள். கடிதம் என்றால் நீங்கள் எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே நின்றுதான் படித்தேன், அதனால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை. விஷயம் இதுதான்: உங்கள் தங்கையின் பிறந்த நாளுக்கு ஒரு ஹாட்ஸ்பாட் பெட்டி வாங்கிக் கொடுத்தீர்களே, தயவுசெய்து வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

பார்த்தால் சோப்பு டப்பா அளவுதான் இருக்கிறது, விரல் நீளத்துக்கு ஒரு ஆன்டெனா, மினுக் மினுக் என்று ஒரு பச்சை விளக்கு. இவள் கை ரேடியோவில் பேசினால் பெட்டி அதைக் கேட்டு, வீட்டு இன்டர்நெட் வழியாக ஏதோ ஒரு சர்வருக்கு அனுப்புமாம், அந்த சர்வர் ஒரு அறை மாதிரியாம், எந்த ஊரிலிருந்து யார் அதற்குள் நுழைந்திருந்தாலும் அத்தனை பேருக்கும் இவள் பேசுவது கேட்குமாம். சரி, முறையாகப் பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கினவள், பேசட்டும் என்று நான் பெருமைதான் பட்டேன் மச்சான், பொய் சொல்லக் கூடாது. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் என் வீட்டுக்காரி காற்றிலேயே பேசுவாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு கஸ்டமர், "எங்க வீட்லயும் அப்படித்தாங்க ஆரம்பிச்சுது, சீக்கிரமா டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றார்.

அந்தப் பெருமை எல்லாம் வெல்வெட் வருகிற வரைக்கும்தான்.

வெல்வெட் என்பது நான் வைத்த பெயர். அவர்களுக்குள் எழுத்தும் நம்பருமாகத்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், அது எனக்கு வாயில் நுழையவில்லை. அவன் குரல் இருக்கிறதே, அதை மீட்டர் கணக்கில் வெட்டி மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கே போர்த்தலாம், அவ்வளவு வழவழப்பு. உங்கள் தங்கை கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்திவிட்டு ஐந்தரைக்கு வீட்டுக்கு வருவாள், ஆறரைக்கு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். முன்பக்கத்தில் என்னுடைய கம்ப்ரஸரும் பின் அடிக்கிற துப்பாக்கியும் போடுகிற சத்தம் மைக்கில் ஏறுகிறதாம், அதற்காகக் கதவாம். அவளோ மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்து ரகசியம் சொல்வது போலத்தான் பேசுவாள், அது எனக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்காது. ரேடியோ ஸ்பீக்கரை மட்டும் முழுசாகத் திறந்து வைப்பாள். ஆக எனக்குக் கேட்பது இரண்டுதான்: அந்தப் பக்கம் அவன் போடுகிற சத்தம், இந்தப் பக்கம் இவள் சிரிக்கிற சிரிப்பு. "அய்யோ போதுங்க, முடியல, வயிறு வலிக்குது" என்று அவனே விழுந்து விழுந்து சிரிப்பான். தன் ஜோக்குக்குத் தானே சிரிக்கிற ரகம், அப்படிப்பட்டவனை நம்பி ஒரு ஸ்டூலைக்கூட தைக்கக் கொடுக்க மாட்டேன்.

அவன் சிரிக்கட்டும், போகட்டும். உங்கள் தங்கை சிரிக்கிறாளே அதுதான் தாங்கவில்லை. நிஜமாகவே சிரிப்பு வந்தால் அவளுக்குக் கடைசியில் மூக்கிலிருந்து ஒரு சின்ன சத்தம் வரும், குக்கர் அடங்கும்போது வருமே அந்த மாதிரி, சின்ன வயசிலிருந்து உங்களுக்கும் தெரிந்திருக்கும். கல்யாணம் ஆன புதுசில் அந்தச் சத்தம் எனக்கே எனக்கென்று இருந்தது. நான் நின்றால் சத்தம், உட்கார்ந்தால் சத்தம். இப்போது இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, நான் என்ன சொன்னாலும் "ம்" என்கிறாள். போன மாதம் ஒரு பெரிய அதிகாரி வந்து, "என்னப்பா இது, நாற்காலி தினமும் கீழ இறங்கிட்டே இருக்கு" என்றார். நான், "நாற்காலி இறங்கலைங்க சார், உங்க பதவி ஏறிட்டே இருக்கு, அதான் வித்தியாசம் தெரியுது" என்றேன். அந்த மனிதர் சிரித்தார், அவருடைய டிரைவர் சிரித்தார், பக்கத்துக் கடை சாவி ரிப்பேர்க்காரர் எழுந்து வந்து இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். வீட்டுக்குள் வந்து இவளிடம் சொன்னேன். "ம். தண்ணி குடத்தை நகர்த்தி வைங்க" என்றாள். நான் தெருவையே சிரிக்க வைக்கிறவன் மச்சான், இந்த ஒரு மூக்கு மட்டும் எனக்குச் சிரிக்க மாட்டேன் என்கிறது, கதவுக்கு அந்தப் பக்கம் எவனோ ஒருத்தனுக்குச் சிரிக்கிறது.

நேராகவே கேட்டுப் பார்த்தேன்.

"யாரு அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"உன்னை அப்படிச் சிரிக்க வைக்கிறானே."

"அவரா? ரொம்பத் தங்கமான மனுஷர்ங்க. லிப்ட் ரிப்பேர் பண்றவர்."

"லிப்ட் ரிப்பேர்ல அப்படி என்ன சிரிப்பு?"

"ஏன், சிரிப்பு சோபாவுக்குள்ள மட்டும்தான் இருக்குமா?"

பெட்டியின் வாயை அடைப்பது என்று முடிவு செய்தேன். நல்ல தடிமனான ஃபோம் வைத்து, சிவப்பு ரெக்ஸினில் இரட்டைத் தையல் போட்டு, பெட்டிக்கு ஓர் உறை தைத்து மாட்டினேன், மூச்சுத் திணறி அதுவாகவே படுத்துவிடும் என்று கணக்கு. உங்கள் தங்கை அதைப் பார்த்து, "என் பெட்டி மேல உங்களுக்கு இவ்வளவு அக்கறையா?" என்று கண் கலங்கினாள். பெட்டி சூடானதும் கத்தரியால் பின்பக்கம் ஒரு ஓட்டை போட்டுவிட்டு, அந்த அறையில் இருக்கிற அத்தனை பேரிடமும் பெருமை அடித்திருக்கிறாள். இப்போது ஏழு பேருக்கு உறை வேண்டுமாம். முதல் ஆர்டர் வெல்வெட்டுடையது. நீல நிறம் கேட்டிருக்கிறான். என் எதிரிக்கு நானே அளவெடுத்துத் தைக்கிற கொடுமை எந்தத் தையல்காரனுக்கு வந்திருக்கிறது, சொல்லுங்கள்.

இந்தச் சமயத்தில்தான் சுழல் நாற்காலிக்காரர் வந்தார். கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவர், முதுகு கிழிந்த நாற்காலியைக் கொண்டுவந்தவர், நல்ல மனிதர். முதுகைத் தைத்துக்கொண்டே என் முதுகில் குத்துகிற விஷயத்தை எல்லாம் அவரிடம் கொட்டிவிட்டேன். அவர் சொன்னார்: "மாஸ்டர், அந்தப் பெட்டிக்குள்ள ஒரு சர்வர் பட்டியல் இருக்கும். எந்த அறைக்கு எந்த விலாசம்னு பெட்டி அதைப் பார்த்துத்தான் போகும். பட்டியல்ல வரி இல்லைன்னா அறை இல்லை."

வரி இல்லை என்றால் அறை இல்லை! தையல் பிரித்து விடுவது போல ஒரே இழுப்பு. உங்கள் தங்கை வேலைக்குப் போனதும் பகலில் போய் அவளுடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கடவுச்சொல் பெட்டி மூடியில் நீங்களே ஒட்டி வைத்திருந்த சீட்டில் இருந்தது, அதற்கு நன்றி. உள்ளே போனால், படிக்கலாம் ஆனால் எழுத முடியாது என்று பெட்டி முரண்டு பிடித்தது. சுழல் நாற்காலிக்காரர் போனிலேயே ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி அந்தப் பூட்டைத் திறக்க வைத்தார். திறந்தால், மச்சான், அம்மாடி, எத்தனை அறை! ஒரு வரிக்கு ஒரு அறை, முதலில் நம்பர், அப்புறம் பெயர், அப்புறம் விலாசம், கடைசியில் வாசல் நம்பர், இடையிடையே புள்ளிக்குக் கீழே வால் வைத்த ஒரு குறி. ஒரு மணி நேரம் தேடி வெல்வெட் உட்கார்ந்திருக்கிற வரியைக் கண்டுபிடித்து அழித்தேன். அன்று சாயங்காலம் உள் அறை கப்சிப். "சர்வர் படுத்துடுச்சு போலிருக்கு" என்று முகம் வாடி வெளியே வந்தாள். சிரிக்க வைக்க இதுதான் நேரம் என்று நான் வரிசையாக மூன்று ஜோக் எடுத்து விட்டேன். ம். ம். ம்.

மறுநாள் ஆறரைக்குக் கதவுக்குப் பின்னால், "அய்யோ முடியல, வயிறு வலிக்குது!"

வெல்வெட் மறுபடியும் பட்டியலில் முளைத்துவிட்டான். சுழல் நாற்காலிக்காரரைக் கேட்டால், அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நீங்கள் அவரைத்தான் கேட்க வேண்டும், "அது தினமும் ஒரு தடவை புதுப் பட்டியலை இறக்கிக்கும் மாஸ்டர், பழசை அப்படியே தூக்கிப் போட்டுடும்" என்கிறார். சரி, அது தினமும் முளைத்தால் நான் தினமும் மழிக்கிறேன் என்று, காலையில் தாடி, பகலில் வெல்வெட் என்று வழக்கமாக்கிக்கொண்டேன். இதில் ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது. பக்கத்துப் பக்கத்து வரி, நம்பரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, நான் கண்ணாடி போடவில்லை. (கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவளின் புருஷனுக்குக் கண்ணாடி இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.) மூன்று நாளாக நான் அழித்தது வெல்வெட்டின் அறையை இல்லை, நீங்கள் தங்கையோடு பேசுகிற உங்களுடைய அறையை. போன வாரம் மூன்று நாள் கூப்பிட்டும் தங்கச்சி பதில் பேசவில்லை, அப்படி என்ன கோபம் என்று அக்காவிடம் புலம்பினீர்களாமே, அது நான்தான் மச்சான். உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடுங்கள். அந்த மூன்று நாளும் வெல்வெட் ஜாம் ஜாம் என்று பேசிக்கொண்டிருந்தான்.

நேற்று நாற்காலியை எடுக்க வந்தபோது அவர்தான் கடைசி வழியைச் சொன்னார். பெட்டிக்குள் நம் சொந்தப் பட்டியல் என்று தனியாக ஒன்று இருக்கிறதாம், நமக்கு வேண்டிய வரிகளை அதில் எழுதிக்கொள்ளலாமாம். "பெரிய பட்டியல் தினமும் மாறினாலும் இதை அது தொடாது. ஒரே பேர் ரெண்டுலயும் இருந்தா, உங்க பட்டியல் சொல்றதைத்தான் பெட்டி கேட்கும்" என்றார். கேட்டீர்களா மச்சான், இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்க ஒரு ஜீவன் இருக்கிறது! அப்படியானால் வெல்வெட்டின் அறைப் பெயரைப் போட்டு வேறு விலாசத்தை எழுதிவிட்டால்? "வேற எங்க அனுப்பப் போறீங்க?" என்று கேட்டார். யோசித்தோம். பட்டியலில் கிளி அறை என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஆளே கிடையாது. ரேடியோ சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்கு வைத்திருக்கிறார்கள். நாம் பேசி முடித்ததும், பேசினதை அப்படியே நம் குரலிலேயே திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான்.

இதைவிட உத்தமமான அறை உங்கள் தங்கைக்கு எங்கே கிடைக்கும்? அவள் பேசினால் அவளே பதில் சொல்வாள், நடுவில் எவனும் இல்லை. இன்று பகலில் கடைக்கு ஆள் வராத நேரமெல்லாம் உட்கார்ந்து, கண்ணாடியும் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு, புள்ளிக்குப் புள்ளி, வாலுக்கு வால் பார்த்து, வெல்வெட்டின் அறைப் பெயருக்கு எதிரே கிளியின் விலாசத்தைச் சொந்தப் பட்டியலில் எழுதி முடித்துவிட்டேன். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இந்த அழகு எழுத்து வந்திருந்தால் நானே அதிகாரி ஆகியிருப்பேன், என் நாற்காலியும் இறங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது மணி ஆறேகால். அவள் முகம் கழுவிக்கொண்டிருக்கிறாள், ஒரு பாட்டு வேறு முனகிக்கொண்டு. இது எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிடுவாள். அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வாருங்கள், பெட்டியில் ஏதோ குறை, கம்பெனியில் திருப்பிக் கேட்கிறார்கள் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். நான் உங்களிடம் கல்யாணத்தின்போதுகூட எதுவும் கேட்டதில்லை. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் நன்றாகப் படித்து, என்னைப் போல வகுப்புக்கு வெளியே நிற்காமல் உள்ளேயே உட்கார்ந்து முன்னுக்கு வர என் ஆசிகள். எல்லோரும் நோய் நொடி இல்லாமல், பொறாமை இல்லாமல் நூறு வருஷம் இருங்கள்.

இப்படிக்கு,
சிரிப்புக்கு ஏங்கும் உங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: வர வேண்டாம். கவரை ஒட்டிவிட்டேன், மறுபடி ஆவி காட்டிப் பிரித்து எழுதுகிறேன். இப்போது மறுநாள் சாயங்காலம்.

நேற்று ஆறரைக்கு அவள் கதவைச் சாத்தினதும் நான் பூனை மாதிரி போய்க் கதவில் காதை வைத்தேன். வழக்கம் போல முணுமுணுவென்று ஏதோ பேசினாள், ஒரு நிமிஷத்துக்கும் மேலே, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்தினாள். அப்புறம் கிளி ஆரம்பித்தது. ஸ்பீக்கர்தான் முழுசாகத் திறந்திருக்கிறதே, முதல் தடவையாக அவள் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன பேசுகிறாள் என்று வீடே அதிரக் கேட்டேன்.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒருத்தர் சோபா கொண்டு வந்தார். உட்கார்ந்தா கடிக்குதுன்னு கம்ப்ளைன்ட். ஸ்பிரிங் குத்துது போலன்னு இவர் பிரிச்சுப் பார்த்தா, உள்ள ஒரு பல் செட்! மேல் வரிசை முழுசா. இவர் மூஞ்சியை அசைக்காம அதைக் கையில எடுத்து வெச்சுக்கிட்டு, 'சார், பல்லைப் பிடுங்கியாச்சு, இனிமே கடிக்காது'ன்னார். அதுக்கு அந்த மனுஷர், 'அய்யய்யோ, இது எங்க அப்பாவோடது, மூணு வருஷமா ரொட்டியைப் பால்ல ஊற வெச்சே சாப்பிடறார்'ங்கிறார். இவர் சொன்னார், 'அப்ப பல் இருக்கிற சோபாவுக்கு மூணு வருஷமா யாரு சாப்பாடு போட்டது?'"

அது நேற்று பகலில் கடையில் நடந்தது மச்சான். என் ஜோக். நான் வீட்டுக்குள் வந்து சொன்னபோது "ம்" என்றாளே, அதே ஜோக். கடைசி வரி மட்டும் நான் சொன்னதில்லை, அது அவளே சேர்த்தது. அதுதான் நல்ல வரி. என்னை அறியாமல் கெக்கெக்கே என்று சிரித்துக் கதவில் முட்டிக்கொண்டேன். கதவு திறந்தது. ஒரு கையில் ரேடியோ, இன்னொரு கை இடுப்பில்.

"பட்டியல்ல கை வெச்சது நீங்கதானே?"

"ம்" என்றேன்.

என் கையாலேயே அந்த வரியை அழிக்க வைத்தாள், சொந்தப் பட்டியல் என்பதால் அது தானாகப் போகாது பாருங்கள். அழித்து முடித்துப் பெட்டியை மறுபடி உயிர்ப்பித்ததுதான் தாமதம், வெல்வெட் வந்தான். அவன் சொன்ன முதல் வார்த்தை, "எங்கம்மா போயிட்டீங்க? எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம். இன்னிக்கு சோபாக்காரர் என்ன சொன்னார்?"

அவள் பல் செட் கதையை மறுபடி சொன்னாள், என் குரல் மாதிரியே இழுத்துச் சொன்னாள், சொல்லி முடிக்கும்போது அவளுக்கே தாங்காமல் மூக்கிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. வெல்வெட்டுக்கு வயிறு வலித்தது. பாவம், நல்ல மனிதர். நான் கேட்டேன், "அப்ப எங்கிட்ட மட்டும் ஏன் 'ம்'?"

"நீங்க சொல்லும்போதே சிரிச்சுட்டேன்னா அதோட திருப்தி ஆயிடுவீங்க. ஒரே ஜோக்கை ஒரு மாசத்துக்கு ஓட்டுவீங்க. 'ம்'னு சொன்னாத்தான் ரோஷம் வந்து மறுநாள் புதுசா ஒண்ணு கொண்டு வரீங்க. எனக்கு தினமும் ஒண்ணு வேணுமே."

இப்போது என் பொறாமை வெல்வெட் மேல் இல்லை மச்சான், உங்கள் தங்கை மேல். என் ஜோக்கை என்னைவிட நன்றாகச் சொல்கிறாள். நானே பேசலாம் என்றால் லைசென்ஸ் இல்லாமல் மைக்கைத் தொடக் கூடாது என்று கையில் ஒரு தட்டு தட்டினாள். அதனால் அவள் அந்தப் பரீட்சைக்குப் படித்தபோது நீங்கள் வாங்கிக் கொடுத்த புத்தகத்தில் பெரிய எழுத்தில் ஏதாவது இருந்தால் உடனே அனுப்புங்கள். அதுவரைக்கும் இன்றைக்கு முழுக்க வாயைத் திறப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதே இரண்டு தடவை டீயோடு வந்துவிட்டாள்.

"இன்னிக்கு கடைக்கு யாரும் வரலையா?"

"வந்தாங்க."

"ஒண்ணும் நடக்கலையா?"

"நடந்துது. ரொம்பப் பெரிய விஷயம் நடந்துது."

"என்னங்க, சொல்லுங்களேன்."

"கதவைச் சாத்தாம வெச்சுக்க. பக்கத்துல உட்கார்ந்து சொல்றேன்."

மணி ஆறு இருபத்தைந்து. கம்ப்ரஸரை அணைத்துவிட்டேன். கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே எனக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்கிறது. என்ன சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை, ஏனென்றால் இன்று கடைக்கு ஒரு ஆள்கூட வரவில்லை.